85,000 ரூபாய் வெல்டிங் சான்றிதழ்: ஒரு குடும்பம் போட்ட கணக்கும் பிறகு நடந்ததும்

பின்னணி

லால்குடி பக்கம் ஒரு கிராமத்துக் குடும்பம். அப்பா நெல் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறார். அம்மா நூறு நாள் வேலைக்கும், அது இல்லாத நாட்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். மகன் பத்தாம் வகுப்பு முடித்து அரசு ஐடிஐயில் ஓராண்டு வெல்டர் பிரிவில் படித்தான். 2022இல் அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறி, என்டிசி எனப்படும் தேசியத் தொழிற்சான்றிதழ் வாங்கினான். அப்போது வயது 19.

ஐடிஐ படிப்பு அந்த வீட்டுக்குச் சுமையாக இருக்கவில்லை. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் கிடைத்தன. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. என்டிசி வாங்கியவனுக்குத் தட்டு வெல்டிங் தெரியும். ஆர்க் ஓட்டத் தெரியும். டிக் மெஷினை, அதாவது மந்த வாயு சூழ டங்ஸ்டன் முனையால் ஒட்டும் மெஷினை, தொட்டிருப்பான். ஆனால் கூலி கூடுவது பைப் வெல்டிங்கில்தான். அதிலும் 6ஜி நிலையில், அதாவது பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்தி, சுற்றிலும் ஒட்டத் தெரிந்தவனுக்குத்தான் திருச்சியை அடுத்த துவாக்குடி, திருவெறும்பூர் பக்கத்துப் பட்டறைகளில் மதிப்பு.

கொதிகலன் செய்யும் பெல் ஆலையை நம்பி வளர்ந்த, இரும்பை வெட்டி ஒட்டிக் கட்டமைக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைந்த பகுதி அது. ஆலைக்கு ஆர்டர் நன்றாக இருந்த காலத்தில் பட்டறைகளிலும் மூன்று ஷிஃப்ட் ஓடியது. கடந்த பத்தாண்டுகளில் ஆர்டர் குறைந்தபோது பட்டறைகளும் தள்ளாடின. ஆகவே அங்கே ஒரு வெல்டரின் வருமானம் தினக்கூலியோடு முடிவதில்லை. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பதும் அதில் சேர்த்தி.

2022 அக்டோபரில் அம்மாவும் மகனும் என்னைப் பார்க்க வந்தார்கள். ஐடிஐயில் வெல்டர் பிரிவில் பல ஆண்டு பயிற்சி கொடுத்தவன் என்பதால், படித்து முடித்தவர்கள் அடுத்து என்ன செய்வது என்று கேட்டு வருவது வழக்கம். அம்மா மஞ்சப்பையிலிருந்து ஒரு தனியார் பயிற்சி மையத்தின் விளம்பரத் தாளையும் மாதிரிச் சான்றிதழின் நகலையும் எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்று மாதப் பயிற்சி, கட்டணம் 85,000 ரூபாய், "சர்வதேச 6ஜி சான்றிதழ்", மாதம் 40,000 ரூபாய் சம்பளம், வெளிநாட்டு வேலைக்கு ஏற்பாடு என்று போட்டிருந்தது. "சங்கிலி நாலு பவுன் இருக்கு சார். வச்சா ஒரு லட்சம் தர்றேங்கிறாங்க. வைக்கலாமா?" என்று கேட்டார்.

கவனித்தவை

முதலில் மாதிரிச் சான்றிதழைப் படித்தோம். பெரும்பாலானோர் படிக்காமல் விடுவது அதைத்தான். தேர்வுக்குப் பயன்படுத்திய பைப் 6 அங்குலம் (வெளிவிட்டம் 168 மி.மீ.), சுவர்த் தடிமன் 7.11 மி.மீ. என்று இருந்தது. 6ஜி என்ற பெரிய எழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த அந்த வரியில்தான் விஷயமே இருக்கிறது. ஏஎஸ்எம்இ எனப்படும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதிகளின் ஒன்பதாம் பிரிவின்படி, எந்த விட்டமுள்ள பைப்பில் தேர்வு கொடுத்தாரோ அதைப் பொறுத்தே வெல்டரின் தகுதி வரம்பு அமையும். 73 மி.மீ.க்கு மேற்பட்ட பைப்பில் தேறியவர் 73 மி.மீ.க்குக் குறைந்த பைப்பை ஒட்டத் தகுதி பெற மாட்டார். கொதிகலன் டியூப்களோ 44.5, 51, 63.5 மி.மீ. அளவுகளில் வருபவை. திருச்சி வட்டாரத்தில் கூலி அதிகமுள்ள கொதிகலன் டியூப் வேலைக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது.

இரண்டாவது விஷயம் இன்னும் அடிப்படையானது. அதே விதிகளின்படி, வெல்டரைச் சோதித்துத் தகுதி தரும் பொறுப்பு அவரை வேலைக்கு வைக்கும் நிறுவனத்துடையது. பயிற்சி மையம் எவ்வளவு அழகான தாளில் அச்சிட்டுக் கொடுத்தாலும், வேலைக்குப் போகும் இடத்தில் திரும்பவும் ஒரு கூப்பன், அதாவது சோதனைக்கான பைப் துண்டு, கொடுத்து ஒட்டச் சொல்வார்கள். ஒட்டியதை எக்ஸ்ரே எடுப்பார்கள் அல்லது வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். அதில் தேறினால் வேலை. தேறாவிட்டால் கையில் எத்தனை சான்றிதழ் இருந்தாலும் பஸ் ஏற வேண்டியதுதான். தேறிய தகுதியும் காலத்துக்கும் நிற்காது. அந்த முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்துவிட்டால் காலாவதியாகிவிடும்.

வெல்டர் கையோடு கொண்டுபோகக் கூடியதாக, எல்லாரும் மதிக்கிற தாள் ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின் கீழ், மாநிலக் கொதிகலன் துறை அதிகாரி முன்னிலையில் தேர்வு நடத்தித் தரப்படும் ஐபிஆர் வெல்டர் சான்றிதழ் அது. இரண்டு ஆண்டு செல்லும். பயிற்சி மையம் தருவதாகச் சொன்னது அது இல்லை.

அப்படியானால் 85,000 ரூபாய்க்கு உண்மையில் வாங்குவது என்ன? மெஷின் முன்னால் உட்காரும் நேரமும், எரித்துப் பழகப் பைப்பும், பக்கத்தில் நின்று பிழை சொல்லும் ஆளும். அதை வைத்தே விலையை மதிப்பிட முடிவு செய்தோம். பையனை மையத்துக்கு அனுப்பி மூன்றே கேள்விகள் கேட்டுவரச் சொன்னேன்: ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், டிக் மெஷின் எத்தனை, ஒரு ஆளுக்குப் பைப் கூப்பன் எத்தனை. 20 பேர், 5 மெஷின், 12 கூப்பன் என்று விடை கொண்டுவந்தான். தினமும் நான்கு மணி நேர வகுப்பு. ஒரு மெஷினுக்கு நாலு பேர் என்றால் ஒருவன் கையில் டார்ச் இருப்பது ஒரு மணி நேரம். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 72 வேலை நாள். ஆக 72 மணி நேரம். மணிக்கு 1,180 ரூபாய் ஆகிறது.

பிறகு முழுச் செலவையும் எழுதினோம். கட்டணம் 85,000. தங்கவும் சாப்பிடவும் 18,000. ஒரு லட்சம் நகைக்கடனுக்கு நூற்றுக்கு ஒன்றரை வட்டி, மாதம் 1,500. ஓராண்டில் மீட்டாலும் 18,000. இதுவரை அவர்களே நினைத்துப் பார்த்ததுதான். நினைக்காதது, அந்தக் காலத்தில் வராமல் போகும் கூலி. பையனுக்குப் பட்டறையில் ஹெல்பர் வேலை தினம் 450 ரூபாய்க்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. மாதம் 22 நாள் என்றால் 9,900. பயிற்சியும் அதற்கு முன்பின் அலைச்சலும் சேர்த்து மூன்றரை மாதத்துக்கு 34,650. எல்லாம் கூட்டினால் 1,55,650 ரூபாய்.

வரவுப் பக்கத்தில் விளம்பரம் சொன்ன 40,000ஐ அப்படியே ஏற்றால் ஐந்தே மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அந்த மையத்தில் முன்பு படித்து வேலைக்குப் போனவர்களைத் தேடிப் பேசினோம். தினக்கூலி 900 என்றார்கள். மாதம் எத்தனை நாள் என்று கேட்டதும் பதில் இழுத்தது. நல்ல மாதம் 22, மோசமான மாதம் 12. சராசரியாக 18 நாள் என்று வைத்தோம். மாதம் 16,200. ஹெல்பர் கூலியைவிட 6,300 அதிகம். அந்த வித்தியாசத்தில் 1,55,650ஐ மீட்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.

எடுத்த முடிவும் காரணங்களும்

இன்னொரு வழியாக இருந்தது அப்ரண்டிஸ் பயிற்சி. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஓராண்டு ஐடிஐ முடித்தவருக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய் உதவித்தொகை. முடித்தபின் தேர்வெழுதி என்ஏசி எனப்படும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்கலாம். ரயில்வேயின் லெவல் 1 எனப்படும் கடைநிலைப் பணியிடங்களில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஹெல்பர் கூலியோடு ஒப்பிட்டால் மாதம் 2,200 குறைவு; ஓராண்டுக்கு 26,400. இந்த வழியின் மொத்தச் செலவு அவ்வளவுதான்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "மூணு மாசத்துல முடியுறத எதுக்கு சார் ஒரு வருசம் இழுக்கணும்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மூட்டை தூக்கும் உடம்பு இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்ற கவலை அவருக்கு. வீட்டுக்கு இரண்டாவது வருமானம் சீக்கிரம் வர வேண்டும். காலத்துக்கும் விலை உண்டு என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் நகை அந்த ஒரு சங்கிலிதான். பயிற்சி முடிந்து, கம்பெனித் தேர்வில் தேறாமல் போனாலோ, இரண்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தாலோ, வட்டி கட்ட வேறு வழி இல்லை. மூழ்கினால் நாலு பவுனும் போகும். இலாப நட்டக் கணக்கில் இரண்டு வழிக்கும் பெரிய தூரம் இல்லாவிட்டாலும், தவறினால் விழும் அடி ஒன்றில் மிக அதிகம். கையில் சேமிப்பு உள்ள குடும்பமாக இருந்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்போம்.

முடிவு இப்படி ஆனது: அப்ரண்டிஸ் முதலில். அது முடிந்ததும், தேவை என்றால் மட்டும், 2 அங்குல (51 மி.மீ.) டியூபில் பயிற்சி தரும் சிறிய இடமாகப் பார்த்துச் சேர்வது. நகையைத் தொடுவதில்லை.

அதே மாதம் அவனோடு படித்த இன்னொரு பையனின் குடும்பமும் இதே கணக்கைப் பார்த்தது. அவர்கள் நகையை வைத்து 85,000 கட்டுவது என்று முடிவு செய்தார்கள். அவரவர் நிலைமை அவரவருக்கு. இரண்டு குடும்பமும் சம்மதித்ததால் இரண்டு கணக்கையும் தொடர்ந்து எழுதி வந்தோம்.

பிறகு நடந்தவை

அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் பையன் ஹெல்பராகவே இருந்தான். 2022 டிசம்பரில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். தொடக்கம் ஏமாற்றம்தான். ஸ்ட்ரக்சர் பிரிவில் போட்டார்கள். ஏழு மாதம் பீம், கோணம், தட்டு. பைப்பைக் கண்ணால் பார்த்ததோடு சரி. பிரிவு மாற்றக் கேட்டபோது "இடம் இல்லை" என்றார்கள். ஜூலையில் ஒரு மூத்த வெல்டர் இவன் கிரைண்டிங் செய்யும் விதத்தைப் பார்த்து, ஷிஃப்ட் முடிந்தபின் வெட்டுத் துண்டு டியூப்களில் பழகச் சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தார். டியூப் முனையைச் சரிவாகச் சீவி, இரண்டு முனைக்கும் நடுவே சீரான இடைவெளி விட்டு, நகராதபடி டேக் எனப்படும் சிறு ஒட்டுப் போடுவதை ஒரு மாதம் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். ஃபிட்அப், அதாவது இந்தப் பொருத்தம், சரியில்லாத ஜாயிண்ட்டை எந்தக் கையாலும் காப்பாற்ற முடியாது என்பது அவர் வாதம். பணம் கட்டிய வகுப்பில் இதற்கு இவ்வளவு நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

2023 டிசம்பரில் பயிற்சி முடிந்தது. 2024 ஜனவரியில், ஒரு ஃபேப்ரிகேஷன்காரர் தம் பட்டறையோடு சேர்த்து நடத்தும் சிறிய பயிற்சி இடத்தில் ஆறு வாரம் சேர்ந்தான். கட்டணம் 28,000. வீட்டிலிருந்தே போய்வந்தான். ஆளுக்கொரு மெஷின், தினம் மூன்று மணி நேரம், 36 நாள்: 108 மணி நேரம், மணிக்கு 260 ரூபாய்க்குள். சேருமுன் அவனே கேட்டு எழுதி வாங்கிய நிபந்தனைகள் இரண்டு. கூப்பன் 2 அங்குலமாக இருக்க வேண்டும். கடைசி மூன்று கூப்பனை எக்ஸ்ரே எடுத்து ஃபிலிமைக் காட்ட வேண்டும். சான்றிதழ் என்று அங்கே கொடுத்தது ஒரு சாதாரண லெட்டர்ஹெட் தாள். யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

மார்ச்சில் முதல் கம்பெனித் தேர்வு. தேறவில்லை. ஃபிலிமில் ஆறு மணி இடத்தில், அதாவது டியூபின் அடிவயிற்றில், ரூட் எனப்படும் முதல் அடுக்கு ஒட்டு உள்வாங்கியிருந்தது. தலைக்கு மேலே பார்த்து ஒட்டும் அந்த இடத்தில் உருகிய உலோகம் தன் எடையால் கீழே தொங்கும். டியூபின் உட்பக்கம் குழிவிழும். ஃபில்லர் கம்பியை இடைவெளி வழியாக உட்பக்கத்திலிருந்து ஊட்டிப் பழகினால்தான் அது சரியாகும். பயிற்சி நடத்தியவர் கூடுதல் கட்டணம் இல்லாமல் ஒரு வாரம் அதை மட்டும் செய்ய வைத்தார். மார்ச் கடைசியில் இன்னொரு ஒப்பந்தக்காரரிடம் தேர்வு கொடுத்தான். ஃபிலிம் சுத்தமாக வந்தது. ஏப்ரலில் தினம் 950 ரூபாய்க்குப் பைப்பிங் வேலையில் சேர்ந்தான்.

மற்றொரு பையன் 2023 பிப்ரவரியிலேயே பயிற்சியை முடித்திருந்தான். அவனுடைய சான்றிதழையும் எந்த வாசலிலும் யாரும் பார்க்கவில்லை, கூப்பன்தான் கொடுத்தார்கள். ஆனால் கை ஓரளவு பழகியிருந்தது. பெரிய விட்டப் பைப் வேலையில் தேறி, 2023 ஏப்ரலில் 900 ரூபாய்க்குச் சேர்ந்துவிட்டான். நடுவில் இரண்டு மாதம் வேலை இல்லை. 2024 மார்ச் வரையிலான ஓராண்டில் அவன் சம்பாதித்தது ஏறக்குறைய 1,70,000.

2024 மார்ச் இறுதியில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மற்றொரு பையனுக்கு 1,70,000 வரவில் கட்டணமும் தங்கும் செலவும் 1,03,000, அதுவரை கட்டிய வட்டி 21,000 போக 46,000 மிச்சம். நகை இன்னும் அடகில். முதல் பையனுக்கு உதவித்தொகை 92,400, ஹெல்பர் கூலி 19,800. அதில் 28,000 கழித்தால் 84,200. நகை வீட்டில். வித்தியாசம் 38,000 சொச்சம். அதே சமயம், அவன் கையில் ஓராண்டு சைட் அனுபவம் இருந்தது. கூலி 1,100 ஆகியிருந்தது. இவன் 950இல் அப்போதுதான் தொடங்குகிறான். கட்டணம் மட்டும் பாதியாக இருந்திருந்தால் அவன் எடுத்ததே நல்ல வழி என்று நான் தயங்காமல் சொல்லியிருப்பேன். அப்பா சொன்ன காலத்தின் விலை இந்தக் கணக்கில் தெளிவாகவே தெரிந்தது.

அதன்பின் இவன் பாதை கொஞ்சம் விரிந்தது. 2 அங்குல டியூபில் தேறியவன் என்பதால், ஜூலையில் அனல்மின் நிலையத்தில் ஓவர்ஹாலிங் எனப்படும் முழுப் பராமரிப்பு வேலைக்கு எடுத்தார்கள். கோடையில் மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது யூனிட்டை நிறுத்த மாட்டார்கள். காற்றாலை மின்சாரம் கைகொடுக்கும் மாதங்களில்தான் இந்த வேலைகள் வரும். ஆகஸ்டில் ஒப்பந்தக்காரர் மூலமாகவே ஐபிஆர் தேர்வு எழுதி, 2026 ஆகஸ்ட் வரை செல்லும் சான்றிதழ் வாங்கினான். செலவை அவர்களே ஏற்றார்கள். மூலத்தை ஒப்பந்தக்காரர் வைத்துக்கொள்வது அங்கே வழக்கமாக இருந்தது. கேட்டு நகலாவது வாங்கிவைக்கும்படி சொன்னோம், வாங்கிவிட்டான். 2025 ஜூன் வரையிலான 15 மாதத்தில் சராசரியாக மாதம் 19 நாள் வேலை. அடிப்படைக் கூலி மாதம் 18,000 அளவில். ஓவர்ஹாலிங் மாதங்களில் ஓவர்டைமும் சேரும். விளம்பரம் சொன்ன 40,000ஐ இருவரில் யாரும் இதுவரை ஒரு மாதம்கூடப் பார்த்ததில்லை.

இடையில் வளைகுடா வேலைக்கு ஒரு ஏஜென்ட் 1,20,000 கேட்டார். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும்தான். வெளிநாட்டு வேலைக்கான அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் உள்ள பதிவு எண்ணைக் கேட்டதும் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அப்ரண்டிஸில் சேருமுன் எந்தப் பிரிவு என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏழு மாதம் ஸ்ட்ரக்சரில் போனது இந்த வழியின் பெரிய இழப்பு. அந்த மூத்த வெல்டர் கண்ணில் இவன் படாமல் போயிருந்தால், ஓராண்டு முடிவில் கையில் என்ஏசி மட்டும்தான் இருந்திருக்கும். பைப் அனுபவம் இருந்திருக்காது. குறுகிய பயிற்சியைக் கடைசிவரை தள்ளாமல், அப்ரண்டிஸ் காலத்திலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்கியிருந்தால் இரண்டு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். அந்தச் சிறிய பட்டறையில் ஞாயிறு வகுப்பு அப்போதே இருந்தது.

பயிற்சி மையங்கள் விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கூப்பன் விட்டம், ஆளுக்கு எத்தனை மெஷின் மணி நேரம், எத்தனை கூப்பன் என்ற மூன்று விவரத்தையும் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட்டால் பெற்றோர் ஏமாற மாட்டார்கள். இப்போது அச்சிடுவது சம்பளத்தை மட்டுமே. கிராமத்திலிருந்து வரும் ஒரு அம்மாவால் 168 மி.மீ. பைப்புக்கும் 51 மி.மீ. டியூபுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாளில் கண்டுபிடிக்க முடியாது. அவர் கேட்காமலே சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கி வந்தபின்தான் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன். வேலை நாள் எத்தனை என்பதை, மையத்தைக் கேட்காமல், அங்கே படித்து முடித்து ஓராண்டு ஆனவர்களிடம் நேரில் கேட்டுவரச் சொல்கிறேன்.

இரண்டாவது பையனின் குடும்பம் 2024 நவம்பரில் நகையை மீட்டது. மொத்த வட்டி 36,000 ஆனது. அவன் இப்போது 2 அங்குல டியூபில் பழக, முதல் பையன் படித்த அதே சிறிய பட்டறையில் ஞாயிறு வகுப்புக்குப் போகிறான். முதல் பையனின் ஐபிஆர் சான்றிதழ் 2026 ஆகஸ்டில் முடிகிறது. அதற்குள் வேலையில் ஆறு மாத இடைவெளி விழுந்துவிடாதபடி, எந்த மாதம் எந்த ஜாயிண்ட் ஒட்டினான் என்பதைச் சூப்பர்வைசர் கையெழுத்தோடு ஒரு நோட்டில் எழுதிவருகிறான்.